525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது

2021 டிசம்பர். சாதாரண நிலைத் தேர்வு முடிந்திருந்தது. பபிள் டீ கடை ஒன்றில் மூன்று வாரம் நின்ற கால் நோக வேலை பார்த்து வாங்கிய முதல் சம்பளத்தில் 180 வெள்ளியை எடுத்து ஒரு தொலைநோக்கி வாங்கினேன். இணையத்தில் பார்த்ததும் பிடித்துப்போனது. பெட்டியின் மேல் வளையங்களோடு ஒரு சனிக்கோள், பின்னால் ஊதாவும் சிவப்புமாக ஒரு நெபுலா, பெரிய எழுத்தில் ‘525X’. ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு! பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்நோக்கியே 400 மடங்குதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் சூரியன் மறைந்ததும் தென்மேற்கு வானத்தில் வெள்ளி, சனி, வியாழன் மூன்றும் வரிசை கட்டி நின்றன. ஒளி மாசு மிகுந்த நம் ஊரிலும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தன. எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி வந்தான். பாட்டியும் வந்தார். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தம்பி சுமந்து வந்தான். “பாட்டி, இன்னிக்கு உங்களுக்குச் சனியைக் காட்டுறேன்” என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் போராடினேன். குழாயைத் தொட்டால் முக்காலி ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தால், கோள் பார்வையை விட்டு நகர்ந்துவிட்டது. 525 மடங்குக்கு வேண்டியதை எல்லாம் மாட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது வெறும் சாம்பல் நிற இருட்டு. கடைசியில் எப்படியோ ஒரு மஞ்சள் திட்டு சிக்கியது. வளையமும் இல்லை, வடிவமும் இல்லை. தண்ணீருக்குள் விழுந்த ஒரு தெருவிளக்கு போல நெளிந்தது.

பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் மனம் கோணக்கூடாது என்று சொன்னார். விற்றவரிடம் கேட்டேன். பெட்டியைத் திறந்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. தொலைநோக்கி கட்டிலுக்கு அடியில் போனது.

அந்த 525 எங்கிருந்து வந்தது?

கோபம் ஆறிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உயர்நிலை இயற்பியலில் வில்லைப் பாடம் படித்தவர்கள் யாரும் போடலாம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். என்னுடையதன் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கூடவே 20 மி.மீ., 4 மி.மீ. என இரண்டு கண்வில்லைகள் தந்திருந்தார்கள். 700ஐ 20ஆல் வகுத்தால் 35. 4ஆல் வகுத்தால் 175. உருவத்தை மும்மடங்காக்கும் ‘பார்லோ’ என்ற கூடுதல் வில்லை ஒன்றும் பெட்டியில் இருந்தது. 175ஐ மூன்றால் பெருக்குங்கள். 525!

ஆக, பெட்டியில் இருந்தது பொய்யான எண் இல்லை, பயனில்லாத எண். ஒரு தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை அதன் முன்வில்லை அல்லது கண்ணாடியின் விட்டம்தான் முடிவு செய்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். நல்ல வானிலையில் அதுதான் ஏறக்குறைய உச்ச வரம்பு. என் தொலைநோக்கியின் விட்டம் 60 மி.மீ. வரம்பு 120 மடங்கு. அதற்கு மேல் பெரிதாக்குவது, கைப்பேசியில் எடுத்த சின்னப் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்குவது போலத்தான். படம் பெரிதாகும், விவரம் கூடாது. அதே வெளிச்சம் பெரிய பரப்பில் பரவுவதால் மங்கலும் சேர்ந்துகொள்ளும்.

அந்தச் சாம்பல் இருட்டுக்குக் காரணம் புரிந்தது. கோள் ஓடிப்போனதற்கும் காரணம் உண்டு. பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 175 மடங்கில் என் மலிவு விலைக் கண்வில்லை காட்டிய வானத்தின் அகலம் கால் பாகைக்கும் குறைவு. சனி ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஒரு நிமிடம்கூட ஆகாது. முக்காலி ஆடி நிற்கவே அதில் பாதி போய்விடும்.

கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைக் கண்டபோது, அவருடைய தொலைநோக்கி ஏறத்தாழ 20 மடங்குதான் பெரிதாக்கியது. பெட்டி மேல் போட்டு விற்கக்கூடிய எண்ணே அல்ல அது.

எனவே கடையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது விட்டம். அடுத்தது, தொலைநோக்கியைத் தாங்கும் கால் எவ்வளவு உறுதி என்பது. குழாயின் முனையை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடியில் ஆட்டம் நின்றால் சரி. மெல்லிய அலுமினியக் குச்சிகளில் நின்றுகொண்டு தென்னை மரம் மாதிரி ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்படியே கண்வில்லை மாட்டும் துளையையும் கவனியுங்கள். ஒன்றேகால் அங்குலம் என்றால், பிறகு நல்ல கண்வில்லை தனியாக வாங்கி மாட்டலாம். அதைவிடச் சிறிய துளை என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். என்னுடையது சிறிய துளை.

60 வெள்ளியில் கார்த்திகை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்ததும், வானத்தைப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு சீனியர் அக்காவிடம் என் கதையைப் புலம்பினேன். “தொலைநோக்கி இப்போது வேண்டாம், பைனாகுலர் வாங்கு” என்றார் அவர். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பறவை பார்க்கிறவர்கள் வைத்திருப்பதுதானே?

ஆனாலும் பழையது ஒன்றை 60 வெள்ளிக்கு வாங்கினேன். 10x50 என்று அதில் எழுதியிருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கம், முன்வில்லை ஒவ்வொன்றும் 50 மி.மீ. விட்டம். கை நடுங்குகிறவர்களுக்கு 7x50 இன்னும் வசதி. நான் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்வேன்.

பாட்டி பிறந்து வளர்ந்தது ஜோகூரில், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியுமுன்பு பால் வெட்டப் போகும்போது வானம் முழுக்க மீன்களாக இருக்கும் என்பார். கார்த்திகையை, ஆறு நட்சத்திரம் கொத்தாக, தன் அம்மா காட்டிக் கொடுத்ததையும் அடிக்கடி சொல்வார். சிங்கப்பூருக்குக் கல்யாணமாகி வந்த பிறகு அதைப் பார்த்ததில்லையாம். “இங்க ஏது நட்சத்திரம், எல்லாம் லைட்டு” என்பார்.

அவர் சொல்வது மிகையில்லை. 2016ல் வெளியான உலக ஒளி மாசு ஆய்வு, சிங்கப்பூரில் வாழும் அனைவருமே கண் முழுமையாக இருளுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின்கீழ் வாழ்கிறார்கள் என்றது. அந்தப் பட்டியலில் நாம்தான் முதலிடம்.

அடுத்து வந்த டிசம்பரில், மழை விட்ட ஓர் இரவு, அதே மேல்தளத்தில் வடக்குப் பக்கமாக உயரத்தில் பைனாகுலரைத் திருப்பினேன். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் கார்த்திகை. ஆறு இல்லை, அதற்கும் மேலே இருபதோ முப்பதோ, நீல வெள்ளையாக. கருப்புத் துணியில் உப்பைத் தூவியது மாதிரி. பாட்டியை அழைத்து வந்து கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு பேசவே இல்லை. பைனாகுலரைத் திருப்பித் தர அவருக்கு மனமே வரவில்லை.

180 வெள்ளி செய்யாததை 60 வெள்ளி செய்தது. நிலவின் பெரிய பள்ளங்கள், ஓரையனின் வாள் பகுதியில் உள்ள நெபுலா, வியாழனின் பக்கத்தில் புள்ளிகளாக அதன் நிலவுகள் எல்லாம் அதில் தெரிந்தன. பையில் போட்டுக்கொண்டு ஜோகூரின் மெர்சிங் கடற்கரை மாதிரி இருட்டான இடத்துக்குப் போனால் இன்னும் எவ்வளவோ பார்க்கலாம். உங்களிடம் இருப்பது 100 வெள்ளிக்குக் குறைவு என்றால் தொலைநோக்கியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த விலையில் வருபவை பெரும்பாலும் என் கட்டிலுக்கு அடியில் கிடப்பதன் உறவினர்கள்தான்.

சனியின் வளையத்தைத்தான் பைனாகுலர் காட்டாது. அதற்குக் குறைந்தது 25, 30 மடங்காவது வேண்டும்.

மேசைமேல் ஒரு டாப்சோனியன்

2023ல் என் இரண்டாவது தொலைநோக்கியை வாங்கினேன். விட்டம் 130 மி.மீ., குவியத் தூரம் 650 மி.மீ. முன்பக்கம் வில்லை கிடையாது. குழாயின் அடியில் ஒரு குழியாடி இருக்கும். பழையது, 210 வெள்ளி. புதிதாக வாங்க என்னிடம் பணம் இல்லை.

130க்கும் 60க்கும் வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். வெளிச்சத்தைச் சேர்ப்பது பரப்பளவு. விட்டத்தின் இருமடியைக் கணக்கிட்டால், புதியது பழையதைவிட நாலரை மடங்குக்கும் அதிகமான ஒளியைச் சேர்க்கிறது. நுணுக்கமான விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனும் இரண்டு மடங்குக்கு மேல்.

இதற்கு முக்காலி இல்லை. மரப்பலகையால் ஆன ஒரு சுழல் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டிலும் மேலும் கீழும் கையால் தள்ளினால் போதும். இந்த வகைக்கு டாப்சோனியன் என்று பெயர். பெயருக்குரிய ஜான் டாப்சன் 1915ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த ஆசிரமத்தில் துறவியாக இருந்தார். கையில் காசில்லாத துறவி. கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடி செய்தார். அட்டைக் குழாயையும் பலகையையும் வைத்து மீதியைச் செய்தார். 1967ல் ஆசிரமத்தை விட்டு வெளியேற நேர்ந்த பிறகு, தெருவோரத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். 2014ல் மறைந்தார். மலிவு விலையில் நல்ல தொலைநோக்கி என்று இன்று நாம் பேச முடிவதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். பணமெல்லாம் கண்ணாடிக்குப் போகிறது, காலுக்குப் போவதில்லை.

கடைக்காரர்கள் இன்னொரு வகையையும் காட்டுவார்கள். எடைக்கல் தொங்கும், பற்சக்கரங்கள் நிறைந்த ‘ஈக்குவடோரியல்’ தாங்கி. பார்க்க ஆய்வுக்கூடம் மாதிரி கம்பீரமாக இருக்கும். தொடக்க நிலையில் உள்ளவர்கள், அதுவும் சிங்கப்பூரில் இருப்பவர்கள், அதைத் தவிர்ப்பது நல்லது. அதன் அச்சைத் துருவத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகைதான் வடக்கே இருக்கிறோம். துருவ நட்சத்திரம் நமக்குத் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஏதாவது ஒரு புளோக் அதை மறைத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு தாழ்வாக அச்சைச் சாய்த்தால் எடைக்கல் போய் முக்காலியின் காலில் இடிக்கும்.

நம் இடத்துக்கு ஒரு வரப்பிரசாதமும் உண்டு. லண்டனில் இருப்பவருக்குச் சில ஆண்டுகளில் சனி தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 16 பாகைதான் எழும். நமக்கோ எந்த ஆண்டானாலும் அது 60 பாகைக்கு மேல் ஏறித்தான் போகும். தலைக்கு நேர் மேலே என்றால் கோளின் ஒளி கடந்து வரும் காற்று குறைவு. உருவம் தெளிவாக இருக்கும். அதோடு நிலவையும் கோள்களையும் ஒளி மாசு பெரிதாகப் பாதிப்பதில்லை. நெபுலாக்களும் அண்டங்களும்தான் காணாமல் போகின்றன. பெட்டிமேல் உள்ள ஊதா நிற நெபுலாவை எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணால் அப்படிப் பார்க்க முடியாது, தெரிவது சாம்பல் புகைதான். கைப்பேசியில் படம் காட்டும் ‘ஸ்மார்ட்’ தொலைநோக்கிகள் அந்த வண்ணத்தைக் கொண்டுவரும். விலை அதிகம் என்பது ஒருபுறம் இருக்க, திரையில் பார்ப்பதில் எனக்கு ருசி இல்லை. உங்களுக்கு இருக்கலாம்.

பழைய தொலைநோக்கி வாங்கும்போது டார்ச் விளக்கு கொண்டு போங்கள். குழாய்க்குள் ஒளியடித்து, கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் படர்ந்திருக்கிறதா பாருங்கள். அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சுலபமாக வரும். லேசான தூசி பரவாயில்லை; அதைத் துடைக்கிறேன் என்று துணியை எடுத்தால்தான் கெடுதல். வாங்கிய பிறகு மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். குழியாடியும் சிறிய கண்ணாடியும் சில வேளை ஒன்றுக்கொன்று கோணம் விலகிப் போகும். திருகாணியைத் திருகிச் சரிசெய்யலாம். முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது ஐந்து நிமிடம்.

சூரியனை நோக்கி எதையும் திருப்பாதீர்கள். மலிவுப் பெட்டிகளில் கண்வில்லையில் திருகும் சின்னக் கறுப்புச் சூரிய வடிகட்டி சில வேளை வரும். அது சூட்டில் விரிசல் விடக்கூடியது. அடுத்த நொடியே பார்வை போய்விடும். என் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தது. சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன்.

வாங்குமுன் ஒரு நல்ல தொலைநோக்கியில் கண் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தில் வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்க என்றைக்கு விடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். வானவியல் மன்றம் உள்ள கல்லூரிகளிலும் கேட்டுப் பார்க்கலாம். எதிர்பார்க்க வேண்டியது எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். 65 மடங்கில் சனி, கையை நீட்டிப் பிடித்த ஒரு மிளகின் அளவுகூட இருக்காது. ஆனால் அந்த மிளகுக்கு வளையம் இருக்கும்.

பக்கவாட்டில் நின்று

மேசைமேல் வைக்கும் தொலைநோக்கிக்கு ஆடாத மேசை வேண்டும் என்பதை வாங்கிய பிறகுதான் உணர்ந்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தேன், ஆடியது. மடக்கு மேசை, அதுவும் ஆடியது. எங்கள் விளையாட்டுத் திடல் ஓரத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை ஒன்று இருக்கிறது. பகலில் தாத்தாக்கள் அதில் செக்கர்ஸ் ஆடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு அது காலி. யார் இடித்தாலும் அசையாது.

2023 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. நிலவு அரைவட்டத்தை எட்டவில்லை, மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே வியாழன். தலைக்கு மேல் சற்றுத் தெற்கே சனி. பாட்டியை மின்தூக்கியில் கீழே அழைத்து வந்தேன். முழங்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே வந்தார்.

நிலவைக் காட்டினேன். பள்ளங்களைப் பார்த்து “அம்மை போட்ட மொகம் மாதிரி இருக்கு” என்றார். வியாழனின் நிலவுகளை எண்ணினார். சனி என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“வேணாம்மா. சனி பகவானை நேருக்கு நேர் நின்னு பாக்கக்கூடாது. கோயில்லகூட நான் ஓரமா நின்னுதான் கும்பிடுவேன்.”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குமுன் கார் நிறுத்துமிடத்தில் அவர் மறுக்கவில்லையே என்று தோன்றியது. அன்று எனக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு குனிந்தார் போலும்.

தம்பிதான் கேட்டான். “பாட்டி, இதுல எங்க நேரா பாக்குறோம்?”

உண்மைதான். இந்த வகைத் தொலைநோக்கியில் குழாயின் அடியில் உள்ள குழியாடி ஒளியை மேலே திருப்பி அனுப்பும். அங்கே சாய்வாக இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். கண்வில்லை குழாயின் ஓரத்தில் இருக்கும். பார்க்கிறவர் கோளுக்கு முகம் கொடுப்பதே இல்லை. “ரெண்டு கண்ணாடியில பட்டு வருது பாட்டி. நீங்க ஓரமாத்தான் நிக்கிறீங்க” என்று விளக்கினேன்.

பாட்டி தொலைநோக்கியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சரிபார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கையால் கல் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

10 மி.மீ. கண்வில்லை, 65 மடங்கு. தட்டினால் ஆடவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

“ஐயோ, வட்டம் போட்டிருக்குடி!”

கோள் நகர்ந்து ஓரத்துக்குப் போனது. நான் குழாயை லேசாகத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இன்னும் பார்த்தார். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று சொன்னேன், அதை அவர் காதில் வாங்கவில்லை. “இப்ப எந்த ராசில இருக்கார், கும்பம்தானே?” என்று கேட்டார். கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்த்தேன். சனி கும்ப நட்சத்திரக் கூட்டத்தில்தான் இருந்தது. “நான்தான் சொன்னேனே” என்றார், ஏதோ செயலியைச் சோதித்தவர் மாதிரி.

வழியில் போன ஒரு மலாய்க்காரப் பையனும் அவனுடைய அப்பாவும் நின்றார்கள். பாட்டியே அவர்களைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த மலாயில் எங்கே கண் வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு விளிம்பு காட்டித் திரும்பியது. கோடாக மெலிந்து போயிருந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2032 வாக்கில் நன்றாக அகன்று தெரியும். இப்போது உயர்நிலை ஒன்றில் இருப்பவர்கள் நிதானமாகக் காசு சேர்க்கலாம்.

அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை வழக்கம்போல் பாட்டி கோயிலுக்குப் போய் வந்தார். மாலை தேநீர் குடிக்கும்போது, “இன்னிக்கும் தெரியுமா?” என்று கேட்டார். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஜூரோங் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.